ஒரு பொன்மொழியும் அதன் மூலமும்

பொய்யில் மூன்று வகை உண்டு: பொய், பச்சைப் பொய், புள்ளிவிவரம். ஆங்கிலத்தில் பிறந்த இப்பொன்மொழி இன்று உலகெங்கும் வழங்குகிறது. எதிர்த்தரப்பார் காட்டும் கணக்கை மறுக்க வழியறியாத பேச்சாளருக்கு இது கைகண்ட மருந்து. பிரித்தானியப் பிரதமராக விளங்கிய பெஞ்சமின் டிஸ்ரேலியின் வாக்கு என்றே பலரும் இதனை எடுத்தாளுகின்றனர். அது உண்மைதானா என நாம் சற்று ஆராய்வோம்.

டிஸ்ரேலியின் பெயரை இதனோடு பிணைத்துப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். 1907ஆம் ஆண்டு ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’ இதழில் வெளிவந்த தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் அவ்வாறு எழுதினார். டிஸ்ரேலி மறைந்ததோ 1881இல். அவருடைய நூல்களில் இவ்வாக்கு காணப்படவில்லை.

அச்சுச் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. 1891 ஜூன் மாதம் ‘நேஷனல் அப்சர்வர்’ இதழில் வந்த கடிதமொன்று பொய்யை இவ்வாறே மூன்றாகப் பகுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சர் சார்லஸ் டில்க் இக்கருத்தை மேடையில் கூறினார். 1892இல் ஆர்தர் பால்ஃபர் இதனைப் பழைய வழக்கு என்றே குறிப்பிட்டார். இதற்கு ஒரு மூத்த உடன்பிறப்பும் உண்டு. 1885 நவம்பரில் ‘நேச்சர்’ இதழ், நீதிமன்றச் சாட்சிகளைப் பொய்யர், பெரும்பொய்யர், நிபுணர் என வகுத்த ஒரு வழக்கறிஞரின் கேலியைப் பதிவு செய்தது. நிபுணர் மீது எழுந்த கேலியே பின்னர்ப் புள்ளிவிவரத்தின் மேல் திரும்பியது எனக் கருத இடமுண்டு.

லியோனார்டு கோர்ட்னியே இதன் ஆசிரியர் என்பாரும் உளர். 1895இல் அமெரிக்காவின் சரடோகா ஸ்பிரிங்ஸ் நகரில் ஆற்றிய உரையில் அவர் இதனைக் கூறியது மெய். ஆனால், பெயர் சொல்லாத ஓர் அரசியல் அறிஞரின் வாக்காகவே அதனைக் கூறினார். அத்துடன் நில்லாமல், எளியவரும் உணரத்தக்க, வல்லவரும் தப்பவியலாத கணக்குகள் உண்டு என்றும் வலியுறுத்தினார். 1897இல் அரச புள்ளியியல் கழகத்தின் தலைமையை ஏற்றவரும் அவரே.

ஆக, மூலவர் இன்னார் என அறுதியிட்டுரைக்க இயலவில்லை. எனினும் ஒன்று தெளிவு. கோர்ட்னி கணக்கைக் காக்க எடுத்தாண்ட மொழியையே பிறர் கணக்கைத் தள்ளப் பயன்படுத்துகின்றனர். பசித்தோர் எத்தனை பேர், பள்ளி செல்லாச் சிறார் எத்தனை பேர் என்ற எண்களையும் ஒரு நகைச்சுவையால் ஒதுக்கிவிட்டால் இழப்பு எளியோர்க்கே. எண்ணையும் ஆராய்வோம், அதனைப் பழிக்கும் மொழியையும் ஆராய்வோம்.