போதிதர்மரும் ஷாவோலின் குங்ஃபூவும்: ஃபார்வர்ட் பண்ணும் முன்னாடி

"குங்ஃபூவைச் சீனருக்குக் கற்றுக்கொடுத்தவர் நம்ம காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர்" என்ற பதிவு நம் குழுவில் மறுபடியும் சுத்திக்கிட்டு இருக்கு. 2011ல் '7ஆம் அறிவு' வந்ததிலிருந்தே இது ஓயவில்லை. நம் கோயிலுக்குச் சீன அன்பர்களும் வர்றாங்க. அவங்ககிட்டயும் பிள்ளைகளிடமும் நாம் பெருமையாகச் சொல்லும் கதை இது, அதனால் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தோம்.

முதலில் ஷாவோலின். அந்த மடம் 495 வாக்கில் ஓர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டதுதான். ஆனால் அவர் போதிதர்மர் இல்லீங்க. சீனர்கள் பாத்துவோ என்று சொல்லும் இன்னொருவர். நம் ஃபார்வர்ட் பதிவுகளில் பாவம், இவர் பேரே வர்றதில்லை.

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547 வாக்கில் லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அதில் அவர் பாரசீகத்துக்காரர். தனக்கு 150 வயது என்கிறார். அங்கிருந்த பெரிய கோபுரத்தைப் பார்த்து அசந்துபோய், கை கூப்பி நாள் கணக்கில் "நமோ" சொல்லிக்கொண்டே நின்றாராம். நாம் அர்ச்சனையில் சொல்லும் அதே சொல்! இதைப் படித்தபோது எங்களுக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் சீடர் மரபில் வந்த தான்லின், தென்னிந்தியப் பேரரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று எழுதுகிறார். 645ல் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறு, தென்னிந்திய அந்தணர் என்கிறது. ஆக, தெற்கிலிருந்து வந்தவர் என்பதற்குப் பழைய ஆதாரம் உண்டு. ஆனால் இந்த மூன்றிலும் காஞ்சிபுரம் என்ற பேரும் இல்லை, சண்டைக்கலை பற்றி ஒரு வரியும் இல்லை. அவை காட்டுவது தியான குருவை மட்டும்தான்.

அப்போ ஷாவோலின் துறவிகள் சண்டை போடலையா? போட்டாங்க. 621ல் பின்னாளில் தாங் பேரரசரான லீ ஷிமினுக்குப் போரில் உதவினார்கள். 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் மடத்தில் நிற்கிறது. தங்கள் கம்பு வித்தைக்கு அவர்களே குருவாகச் சொன்னது யாரை தெரியுமா? கின்னர ராஜாவை! ஆமாங்க, நம் புராணங்களில் கந்தர்வரோடு சேர்ந்து வரும் அதே கின்னரர். மடத்தைக் கலகக்காரர்கள் சூழ்ந்தபோது, சமையல்கட்டில் வேலை பார்த்த ஒருவர் அடுப்புக் கம்பை எடுத்துக்கொண்டு பேருருவம் எடுத்து விரட்டினாராம். 1517ஆம் ஆண்டுக் கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. கோயில் சமையல்கட்டில் நிற்கும் நம்மவர்களுக்கு இது பிடிக்கும்.

போதிதர்மர் இதற்குள் வந்தது ரொம்பப் பிந்தி. 'யீஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல், அவர் இரும்புப் பெட்டியில் விட்டுப்போனது என்று சொல்லிக்கொண்டு வந்தது. அதை வெளிக்கொணர்ந்தவர் போட்ட தேதி 1624. அவர் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் தள்ளி! அதற்கு இரண்டு பழைய முன்னுரைகள் வேறு. ஒன்று 628ல் ஒரு தளபதி எழுதியதாம், அதில் கட்டுக்கதையில் மட்டுமே வரும் ஒரு வீரன் நிஜ ஆளாக நடமாடுகிறான். இன்னொன்றை எழுதிய தளபதி, தனக்கு எழுதப்படிக்கவே தெரியாது என்கிறார்! சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930ல் இந்தக் கதையை அலசிப் பார்த்து, ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார். அதற்குள் நாவல்களும் பயிற்சிப் புத்தகங்களும் அதை ஊரெல்லாம் பரப்பிவிட்டன.

பதிவைப் போட்டவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. சீனர்களே நம்பிய கதைதானே. ஆனால் அவருடைய ஜென் மரபு சீனாவிலிருந்து கொரியா, ஜப்பான், வியட்நாம் வரை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைச் சொல்லாமல் கைகால் வீசுவதை மட்டும் சொல்கிறோமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குவான் இம் கோயிலில், அம்மனுக்குப் பக்கத்தில் 'தா மோ' என்ற பெயரில் போதிதர்மர் இருக்கிறார். அடுத்த தடவை கிருஷ்ணனைச் சேவிக்கப் போகும்போது, பிள்ளைகளை அங்கேயும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.