குடியும் லயமும்: கெடாவில் தோட்டங்கள் விற்கப்பட்ட காலம்

பழந்தமிழில் குடி என்னும் சொல் வீட்டையும் குறிக்கும். அவ்வீட்டில் வாழும் குடும்பத்தையும் குறிக்கும். அக்குடும்பத்தைத் தன்னுள் கொண்ட மக்கள் தொகுதியையும் குறிக்கும். குடிபுகுதல், குடிபெயர்தல், குடியிருப்பு, குடிக்கூலி என அதிலிருந்து கிளைத்தவை பல. இருக்கும் இடத்தையும் இருப்பவரையும் ஒரே சொல்லால் சுட்டிய மக்கள், அவ்விரண்டுக்கும் இடையே சட்டத்தின் கண்ணில் எவ்வித உறவும் இல்லாத ஒரு வாழ்வமைப்பில் மூன்று தலைமுறைக் காலம் வாழ்ந்தனர் என்பதே நாம் இங்கே ஆராயப் புகுவது. இடம், சுங்கைப் பட்டாணியைச் சூழ்ந்த இரப்பர் தோட்டங்கள். காலம், பெரிதும் 1950களும் 1960களும்.

கெடாவைப் பற்றித் தமிழ் மேடைகளில் பேசுவோர் கடாரத்தில் தொடங்கிக் கடாரத்திலேயே முடித்துவிடுவது வழக்கம். இராசேந்திரனின் கடற்படையெடுப்பும் பூஜாங் பள்ளத்தாக்கின் இடிபாடுகளும் பெருமைக்குரியனவே. ஆயினும் அப்பள்ளத்தாக்கிற்குச் சில கல் தொலைவில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டியர் எந்நிலையில் வீட்டைவிட்டு வெளியேறினர் என்று கேட்டால் விடை சொல்வார் குறைவு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தி தெரிகிறது. அறுபது ஆண்டுக்கு முந்தைய செய்தி தெரியவில்லை.

லயம் என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். இது இசையில் வரும் லயம் அன்று. வரிசை எனப் பொருள்படும் 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இலங்கை மலையகத்தில் லயன் என நின்றது, மலாயாவில் லயம் ஆயிற்று. வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு இப்பெயர். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. வேலை செய்பவருக்கு நிருவாகம் வீடு தரும். வேலை முடிந்தால் வீடும் முடியும். வாடகை இல்லாமையை ஒரு சலுகையாகவே பலர் கருதினர். சட்டத்தின் நோக்கில் அச்சலுகையே பெருங்குறையாயிற்று. வாடகைக் குடியிருப்பாளருக்கு இடத்தின்மேல் ஒரு நலன் உண்டு. லயத்தில் இருப்பவரோ உரிமையாளரின் இசைவினால் தங்கியிருப்பவர் மட்டுமே. இசைவு நீங்கினால் அவர் அங்கே நிற்பதற்குக் காரணம் இல்லை. முப்பது ஆண்டு வாழ்ந்து, வாசலில் முருங்கையும் வாழையும் நட்டு, பின்புறம் மாட்டுக் கொட்டகையும் போட்டிருந்தாலும் நிலை அதுவே.

தோட்ட மக்கள் ஒடுங்கிக் கிடந்தனர் என்று எண்ண வேண்டா. போருக்குப்பின் ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்தும் கூலிக்காகவும் கெடாத் தோட்டங்களை ஒன்றுதிரட்டியது. 1947இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் அதற்குக் கிடைத்த விடை காவல்துறையின் வன்முறை. மறு ஆண்டில் அவசரகாலச் சட்டம் வந்தது. முன்னிருந்த தொழிற்சங்கங்கள் பல சிதைந்தன. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல்தான் உருவாயிற்று. தோட்டங்கள் விற்பனைக்கு வரத் தொடங்கிய வேளையில் தொழிலாளர் தரப்பு இவ்வாறு பழைய அமைப்பை இழந்து, புதியது காலூன்றாத நிலையில் இருந்தது.

விற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குழுமத்தார். கொரியப் போர்க்காலத்தில் உச்சிக்குச் சென்ற இரப்பர் விலை இறங்கிவிட்டது. செயற்கை இரப்பர் போட்டிக்கு வந்தது. பல தோட்டங்களில் மரங்கள் முதிர்ந்துவிட்டன. மறுநடவுக்கு முதல் போட வேண்டும். விடுதலை நெருங்கியதால் நாளை எப்படியோ என்ற ஐயமும் இருந்தது. வாங்கியவர்கள் உள்நாட்டு வணிகக் கூட்டாளிகள். அவர்களுள் சீனரும் இருந்தனர், நம்மவரும் இருந்தனர். இதனை மறைத்துப் பயனில்லை. அவர்கள் தோட்டம் நடத்துவதற்காக வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கரை ஒட்டுமொத்தமாக வாங்கிப் பத்தும் இருபதுமாகக் கூறுபோட்டு விற்றால் ஏக்கருக்குக் கிடைக்கும் விலை மிகுதி. முன்பணம் மட்டும் கட்டிவிட்டு, முழுத்தொகை செலுத்துமுன்பே துண்டுகளுக்கு ஆள் தேடியோரும் உண்டு.

அரசு ஆவணங்கள் இதனை உட்பிரிவு என்னும் பொருள் தரும் நில அளவைச் சொல்லால் குறித்தன. தமிழர் இதற்கு இட்ட பெயர் துண்டாடல். பிரித்தல் என்றிருக்கலாம், பங்கிடல் என்றிருக்கலாம். மக்கள் அவ்வாறு சொல்லவில்லை. பிரித்தலில் பிரிந்த பகுதிகள் வாழும்; துண்டாடலில் உடல் வெட்டுண்ணும். அளவையாளர் கண்டது வரைபடத்தை. தொழிலாளி கண்டது மருத்துவமனை மூடப்பட்டதை, கோயில் ஒருவர் துண்டிலும் பள்ளி வேறொருவர் துண்டிலும் விழுந்ததை, குழாயில் தண்ணீர் நின்றதை. பத்து ஏக்கர் வாங்கியவர் தம் குடும்பத்தாரையோ குத்தகையாளரையோ கொண்டு பால் வெட்டுவார். அவருக்கு லயம் வேண்டியதில்லை, மருந்தகமும் வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை அரசுக்காக விரிவாக ஆராய்ந்து, அதன் சமூக விளைவுகளை வெளிக்கொணர்ந்தார். அவ்வறிக்கையைத் தமிழில் முழுமையாகப் பெயர்த்து மாணவர் கையில் கொடுத்தல் தகும் என்பது நம் நெடுநாள் எண்ணம்.

வெளியேறியவர்கள் எங்கே சென்றனர்? கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை அவர்கள் வாங்க இயலாது. மற்ற நிலம் வாங்கப் பணம் இல்லை. பலரிடம் குடியுரிமைத் தாளும் இல்லை. 1968இல் வந்த வேலை உரிமச் சட்டம் குடியுரிமையற்றோரை மேலும் நெருக்க, பலர் தமிழ்நாட்டுக்கே கப்பல் ஏறினர். எஞ்சியோர் பிற தோட்டங்களிலும் நகர ஓரங்களிலும் ஒண்டினர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் புறம்போக்குவாசிகள். தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் புறம்போக்கு என்பது தீர்வைக்கு உட்படாத நிலத்தைக் குறித்த சொல். அது நிலத்தை விட்டு மனிதர்மேல் ஏறியது. குடி என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களின் பிள்ளைகள் புறம்போக்கு எனப்பட்டனர். சொற்பொருள் மாற்றம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு தேவையில்லை.

விற்பனையைத் தடுக்கச் சட்டம் இல்லாதபோது, நாமே வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பிறந்தது. ம.இ.கா. தலைவரும் அமைச்சருமாகிய துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்த்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளரை வேண்டினார். நாள் கூலி மூன்று வெள்ளி அளவில் இருந்தோர்க்குப் பத்து வெள்ளி சிறு தொகை அன்று. சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பெரும்பணக்காரர் அன்றி, பால்வாளி சுமந்தவர்களே தோட்டம் வாங்கிய அச்செயல் மலேசியத் தமிழர் வரலாற்றில் மிக உயர்ந்த ஒன்று. அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சங்கத்தின் கைக்கு வந்த தோட்டம் துண்டாகாமல் நின்றது. அங்கே வேலையும் நின்றது. ஆனால் உறுப்பினர் பெற்றது பங்குச் சான்று. லயத்து வீட்டுக்குப் பட்டா அன்று. வீடு வேலையோடு கட்டுண்டிருந்த பழைய முடிச்சு அவிழவில்லை.

சட்டம் பின்னால் வந்தது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 214அ பிரிவின்படி, 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலின்றிக் கைமாற்ற இயலாது. ஏறத்தாழ 100 ஏக்கர் என்க. 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்த இழப்பீட்டு விதிகள், தோட்டம் கைமாறும்போது புதிய உரிமையாளர் குறைவற்ற நிபந்தனைகளில் வேலை தர முன்வராவிடில் இழப்பீடு உண்டு என்றன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம். இவ்விழப்பீடு உழைத்த ஆண்டுகளை எண்ணுகிறது. வாழ்ந்த ஆண்டுகளை எண்ணுவதில்லை.

நகரத்தில் வாடகைக்கு இருப்போரின் நிலை வேறு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 சனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில் இருந்தோரை எளிதில் வெளியேற்ற முடியாதவாறு காத்தது. அது 1997இல் நீக்கச் சட்டத்துக்கு உள்ளாகி, 1999ஆம் ஆண்டின் முடிவோடு ஓய்ந்தது. இன்று வாடகை வீட்டில் இருக்கும் ஆசிரியரும் மாணவரும் அறியவேண்டுவன இரண்டு. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை உடன்பாடு வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆயின் அது பட்டாவில் குறிப்பாக ஏற்றப்பட்டாலன்றி, வீட்டை விலைக்கு வாங்கும் புதியவரைக் கட்டுப்படுத்தாது. இக்குறிப்பை ஏற்றுமாறு நில அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் உரிமையை 316ஆம் பிரிவு குடியிருப்பவருக்குத் தருகிறது. மிகச் சிலரே அதனைப் பயன்படுத்துகின்றனர். அடுத்து, உடன்பாடு முடிந்த பின்னும் வெளியேறாத வாடகைக்காரரை நீதிமன்றத்தின் வழியாக அன்றி வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் சட்டம் காட்டும் வழிகள் அல்ல. இந்தச் சிறு பாதுகாப்புகூட, வாடகைக் குடியிருப்பாளர் என்ற பெயரைப் பெற்றவர்க்கே உரியது. லயத்து மக்கள் அப்பெயரைப் பெறவில்லை.

தோட்டங்களில் வீடுகளோடு பள்ளிகளும் தனியார் நிலத்திலேயே நின்றன. அதனால்தான் அவற்றுட் பல பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நெடுங்காலம் இருந்தன. நிலம் விற்கப்படும்போதெல்லாம் பள்ளியின் இடமும் கேள்விக்குள்ளாயிற்று. சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் ஹார்வார்ட் தோட்டப் பிரிவுகளின் பெயரால் வழங்கும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உள்ளன. பட்டாணி பாராவின் பெயரிலும் ஒன்று உண்டு. அப்பெயர்களைத் தாங்கிய சீருடையோடு வரும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நகரத்துத் தாமான்களிலிருந்து பேருந்திலும் வேனிலும் வருபவர்கள்.