லயத்துப் பின்வாசலில் ஒரு கோணலலகுக் கோழி

1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தர, 1968-ல் தமிழக வனத்துறை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அப்படித்தான் எங்கள் குடும்பம் நாடுகாணியில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்தது. பின்வாசலில் கோழி வளர்ப்பது இலங்கையிலிருந்தே கூடவந்த பழக்கம்.

அலகு கோணிய குஞ்சையும் என் அப்பாயி (அப்பாவின் அம்மா) கழித்துவிட மாட்டார். மேலலகும் கீழலகும் கத்தரிபோல் விலகினால் தரையில் கிடக்கும் தானியத்தைக் கொத்த முடியாது. அதனால் தவிட்டையும் நொய்யையும் ஈரமாகப் பிசைந்து, ஆழமான சிரட்டை நிறைய வைப்பார். கோழி அள்ளித் தின்னும். வளர்ந்த நுனியை அரத்தால் மெல்ல ராவுவார். உள்ளே ரத்தநாளம் ஓடுவதால் நுனியோடு நிறுத்திக்கொள்வார். இந்தக் குறை பரம்பரையாகவும் வரும் என்பதால் அதன் முட்டையை அடைக்கு வைப்பதில்லை.

தோட்டக் கணக்கேட்டில் கொழுந்தின் எடை இருக்கும். அப்பாயி போன்ற பெண்களின் கைப்பக்குவத்தை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.