வானத்தின் தூரத்தை அளக்கப் போனவர்கள்



மார்கழி மாதத்தில் மொன்றியலில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் தலைக்கு மேலே சில நட்சத்திரங்களாவது கண்ணிற் படும். அப்படி ஒருநாள் கூட நின்ற பேரன் கேட்டான்: "அம்மப்பா, நட்சத்திரங்களுக்கு இடையில என்ன இருக்கு?" "ஒண்டும் இல்லையப்பு" என்றேன். "அப்ப ஏன் அவ்வளவு இடம்?" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால், அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதை மனிதர் எப்படி அறிந்தார்கள் என்ற வரலாற்றைச் சொல்லலாம். அதிலே நமது மொன்றியலும் வருகிறது, பாண்டிச்சேரியும் வருகிறது.

முதலில் அந்த வெறுமையைக் கொஞ்சம் கற்பனை செய்வோம். சூரியனைப் பத்து சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு தோடம்பழமாகச் சுருக்கி, ஜோன்-தலோன் மெற்றோ வாசலில் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நமது பூமி அதிலிருந்து 11 மீற்றர் தள்ளிக் கிடக்கும் ஒரு ரவைத் துணிக்கை. கடைசிக் கோளான நெப்ரியூன் ஏறக்குறைய 320 மீற்றர் தூரத்தில் ஒரு சிறு மிளகு. அதற்கடுத்த நட்சத்திரம் எங்கே தெரியுமா? சுமார் 2,900 கிலோமீற்றருக்கு அப்பால், அல்பேர்ட்டா மாகாணத்தில்! இடைப்பட்ட ஒன்ராறியோவும் மனிற்றோபாவும் சஸ்காச்சுவானும் ஏறத்தாழ வெறும் வெளி.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னர் இது எவருக்கும் சரியாகத் தெரியாது. எந்தக் கோள் மற்றதைவிட எத்தனை மடங்கு தூரம் என்பது கெப்லர் காலத்திலிருந்தே தெரியும். ஆனால் அந்த ஒரு மடங்கு எத்தனை மைல் என்பது உறுதியாகத் தெரியவில்லை. வீட்டுப் படம் கையில் இருந்தும் அளவுத்திட்டம் இல்லாத நிலை அது.

1716இல் எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொன்னார். மிக அரிதாக வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போகும். அதைப் பூமியின் வெவ்வேறு மூலைகளில் நின்று பார்த்து, நேரத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். ஒரு விரலை முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னர் மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறியதுபோலத் தெரியும். அந்த மாற்றத்தைக் கொண்டு விரல் எவ்வளவு தூரத்தில் உள்ளதெனக் கணக்கிடலாம். வானத்துக்கும் அதே கணக்குத்தான். ஆனால் இரண்டு கண்களும் ஆயிரக்கணக்கான மைல்கள் பிரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக் கடப்பு 1761இலும் 1769இலும் நிகழ இருந்தது. முதலாவதைப் பாண்டிச்சேரியில் நின்று பார்ப்பதற்காக, 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பலேறினார் கியோம் லு ஜாந்தி என்ற வானியலாளர். அப்போது பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் மொரீசியஸ் தீவில் அடுத்த பயணத்துக்கு வழி தேடிக் காத்திருந்த வேளையில், 1760 செப்ரெம்பர் 8ஆம் திகதி, நமது மொன்றியல் பிரித்தானியரிடம் சரணடைந்தது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியும் வீழ்ந்தது. ஒரே போரில் விழுந்த இரண்டு ஊர்கள்!

இந்தியக் கரையை நெருங்கியபோதுதான் லு ஜாந்திக்கு அச்செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது. 1761 யூன் 6ஆம் திகதி வானம் தெளிவாக இருந்தது, வெள்ளியும் கடந்தது. ஆனால் அவர் நின்றது நடுக்கடலில், ஆடும் கப்பற் தட்டில். அங்கே நேரத்தையும் இடத்தையும் சரியாகக் குறிக்க முடியாது. பார்த்தும் பயனில்லாமற் போயிற்று.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருக்கத் தீர்மானித்தார். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் கனடா பிரித்தானியாவிடமே போக, பாண்டிச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. 1768இல் அவர் அங்கே வந்து, போரில் இடிந்த கட்டடங்களின் மேலேயே ஓர் அவதான நிலையம் அமைத்தார். முன்பு எதிரிகளாயிருந்த சென்னை ஆங்கிலேயர் நல்லதொரு தொலைநோக்கியை இரவல் கொடுத்தார்கள்.

காத்திருந்த நாட்களில் அவர் தமிழரின் வானக் கணிதத்தைக் கேட்டறிந்தார். தாளும் பேனாவும் இல்லாமல், சோழிகளை நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, ஒரு தமிழர் 1765 ஆகஸ்ட் 30ஆம் திகதிச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை 41 விநாடிகள் மட்டுமே. அன்றைய ஐரோப்பாவின் புகழ்பெற்ற மாயர் அட்டவணையில் பிழை 68 விநாடிகள்! நம் வீடுகளில் இன்றும் புரட்டும் வாக்கிய பஞ்சாங்கம் இந்த மரபில் வந்ததே.

1769 யூன் 4ஆம் திகதி விடியற்காலை. அதற்கு முந்திய நாட்களில் தெளிவாக இருந்த வானத்தை அன்று மேகம் மூடியது. கடப்பு முடிந்த பின்னர்தான் வெயில் எறித்தது. இரண்டு வாரங்கள் வரை பேனாவைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. நோயோடும் புயலோடும் போராடி 1771 ஒக்ரோபரில் பிரான்சுக்கு வந்தால், அங்கே அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டியிருந்தார்கள். அவர் எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை. வாரிசுகள் சொத்தைப் பங்குபோட முற்பட்டிருந்தார்கள். விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய இடமும் போயிருந்தது. ஊரில் காணியும் உறவும் விட்டு வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் கழகத்தில் இடம் திரும்பக் கிடைத்தது. திருமணம் செய்து, ஒரு மகளும் பிறந்து, தன் பயணத்தை இரண்டு பெரிய நூல்களாக எழுதி, 1792இல் காலமானார்.

ஆனால் வேலை நின்றுவிடவில்லை. அவர் பாண்டிச்சேரியில் மேகத்தைப் பார்த்து நின்ற அதே வேளையில், இந்த நாட்டின் ஹட்சன் குடாக் கரையில், இன்றைய சேர்ச்சில் பகுதியில், வில்லியம் வேல்ஸ், ஜோசப் டைமண்ட் என்ற இருவர் வெள்ளியைத் தெளிவாகக் கண்டார்கள். அதற்காக ஒரு முழுப் பனிக்காலத்தையும் அங்கே கழித்திருந்தார்கள். கப்டன் குக் குழுவினர் தாகிற்றித் தீவில் நின்றார்கள். கலிபோர்னியாக் குடாநாட்டில் பார்த்த சாப் என்பவர் சில வாரங்களிற் கொள்ளைநோயில் இறந்தார். அவருடைய குறிப்புகள் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தன.

இப்படிக் கிடைத்த குறிப்புகளைச் சேர்த்து, 1771இல் தோமஸ் ஹோர்ன்ஸ்பி சூரியனின் தூரம் ஏறக்குறைய 9 கோடியே 37 இலட்சம் மைல் என்றார். இன்றைய அளவு சுமார் 9 கோடியே 30 இலட்சம் மைல், அதாவது 15 கோடி கிலோமீற்றர். நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை! இந்தத் தூரமே அளவுகோலானது. இதை வைத்துத்தான் 1838இல் பெசல் என்பவர் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தையும் அளந்தார். வானத்தின் வெறுமை எத்தனை பெரியது என்பது அதன் பின்னரே மனிதருக்கு உறைத்தது.

சோழி வைத்துக் கணித்தவருக்கு ஓர் இடத்தில் இருந்தே கிரகணத்தின் நேரத்தைச் சொல்ல முடிந்தது. ஆனால் தூரத்தை அளக்க ஓர் ஆளும் ஓர் ஊரும் போதாது. எட்ட எட்டப் பிரிந்து நிற்பவர்கள் ஒரே பொருளைப் பார்த்து, கண்டதை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். பேரனுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக் கடப்பு 2117இல். நம்மில் எவரும் இருக்கமாட்டோம். ஆனால் சந்திர கிரகணம் அடிக்கடி வரும். அடுத்த தடவை பஞ்சாங்கத்தில் நேரத்தைப் பார்த்து, பிள்ளைகளோடு வெளியே நின்றுகொண்டு, யாழ்ப்பாணத்திலோ பரிசிலோ இலண்டனிலோ உள்ள சொந்தக்காரருக்கு ஒரு போன் எடுங்கள். "உங்கையும் தெரியுதோ?" என்று கேட்டுப் பாருங்கள்.