கழியில் கட்டிய மரம்

எலும்பியல் மருத்துவத்தின் சின்னமாக உலகெங்கும் வழங்கும் ஒரு படம் உண்டு. வளைந்து வளர்ந்துவிட்ட ஓர் இளமரம். அருகில் நேராக நடப்பட்ட ஒரு கழி. இரண்டையும் சேர்த்து இறுகச் சுற்றிய கயிறு. பாரிஸ் மருத்துவர் நிக்கோலா ஆண்ட்ரி 1741இல் வெளியிட்ட 'ஆர்த்தோபீடி' என்னும் நூலில் வந்த படம் அது. 'நேரான', 'குழந்தை' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இத்துறைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. பிள்ளை எப்படி அமர வேண்டும், மேசை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறிய நூல் அது.

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1700இல், இத்தாலியின் மோதெனா நகரில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளரின் நோய்களைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதியிருந்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டும் என்று ஹிப்போகிரடீஸ் வகுத்த கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னவர் அவர்: 'உன் தொழில் என்ன?' நாள் முழுதும் குனிந்து அமர்ந்திருக்கும் தையற்காரர்களும் செருப்புத் தைப்போரும் திருவிழா ஊர்வலத்தில் கூனிய முதுகோடு நடந்து சென்றதை அவர் பதிவுசெய்திருக்கிறார். 1713இல் வந்த பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். இடைவிடாத அமர்வு, ஓயாத கையசைவு, மனத்தின் அழுத்தம் ஆகிய மூன்றுமே அவர்களின் துன்பத்துக்குக் காரணம் என்றார். அமர்ந்தே பிழைப்போர் விடுமுறை நாள்களிலாவது உடலை அசைத்துப் பழக வேண்டும் என்பது அவர் தந்த மருந்து.

ஆக, முதுகைப் பற்றி ஐரோப்பாவில் இரண்டு பார்வைகள் இருந்தன. ஒன்று வளைவைக் கண்டு கழியைத் தேடியது. மற்றது வளைவைக் கண்டு வாழ்க்கையை விசாரித்தது. அடுத்த நூற்றாண்டின் மோகம் கழியின் மீதே இருந்தது. நேரான முதுகு ஒழுக்கத்தின் அடையாளமாயிற்று.

அந்த மோகத்தின் எல்லையை லைப்சிக் நகரின் மோரிட்ஸ் ஷ்ரேபரிடம் காணலாம். எழுதும் பிள்ளை முன்னால் சாயாதபடி மேசையில் பொருத்தப்படும் இரும்புச் சட்டம் ஒன்றை அவர் வடிவமைத்தார். குழந்தை வளர்ப்பு குறித்து 1858இல் அவர் வெளியிட்ட நூலில் இத்தகைய கருவிகள் பல உண்டு. அவருடைய மகன் டேனியல் பால் நீதிபதியாக உயர்ந்து, பின்னர் மனநோயுற்று, 1903இல் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். 1911இல் ஃபிராய்ட் அவற்றை ஆராய்ந்ததை இலக்கிய வாசகர் அறிவர். மார்பு நசுக்கப்படுவதாக அக்குறிப்புகளில் வரும் பிரமைகளுக்கும் தந்தையின் கருவிகளுக்கும் உறவுண்டு என்று வில்லியம் நீடர்லாண்ட் 1959 முதல் எழுதினார். நோய்க்கே அவைதாம் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ஒரு குழந்தையின் முதுகின் மேல் ஒரு காலகட்டம் சுமத்திய பாரத்தை அந்நூலில் உணர முடிகிறது.

1892இல் பெர்லின் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் வேறொரு உண்மையை நூலாக்கினார். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது. பாரம் கூடினால் வலுக்கிறது, நீங்கினால் மெலிகிறது. விண்வெளியில் எடையற்று மிதப்போர் இடுப்பிலும் முதுகிலும் மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு சதவீத எலும்பை இழப்பது இதற்குச் சான்று. மரத்துக்குத் துணைநின்ற கழி உயிருள்ள எலும்பின் வேலையைத் தான் ஏற்றுக்கொண்டால், எலும்பு அந்த வேலையை மறந்துவிடும்.

முதுகுவலிக்குப் பல நாள் படுக்கை என்ற வழக்கமும் இப்படித்தான் தகர்ந்தது. இரண்டு நாள் ஓய்வு ஏழு நாள் ஓய்வுக்குக் குறைந்ததன்று என 1986இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இயன்ற அளவு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர் என 1995இல் ஹெல்சிங்கி ஆய்வு காட்டியது. பதின்வயதில் தோன்றும் பக்கவளைவு பெரும்பாலும் உட்காரும் முறையால் வருவதன்று என்பதும் இன்று தெளிவு. வளரும் வயதில் அவ்வளைவு கூடிக்கொண்டே போனால் கவசம் உதவுகிறது. ஆனால் அது சிகிச்சை, தண்டனையன்று.

வாசிப்போரும் எழுதுவோரும் ராமஸ்ஸினியின் பட்டியலில் உள்ளவர்களே. முதிர்ந்தோரின் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் பெரும்பகுதிக்கு இரத்தக்குழாய் இல்லை. அசைவினால் மாறிவரும் அழுத்தம் அவற்றுக்கு ஊட்டம் சேர உதவுகிறது. முப்பது வயதையொட்டி எலும்பின் சேமிப்பு உச்சத்தை அடைந்து, பின் செலவு தொடங்குகிறது. புகையும் மிகுந்த மதுவும் அச்செலவைக் கூட்டுகின்றன. நடையும் பளு தூக்கலும் வெயிலும் சுண்ணாம்புச் சத்துள்ள உணவும் குறைக்கின்றன. எலும்புப்புரை வந்தவரின் முள்ளெலும்பு பல நேரம் வலியே இல்லாமல் நொறுங்குகிறது. உயரம் குறைந்த பின்னரே தெரியவருகிறது.

'நேராக உட்கார்' என்று பிள்ளைகளை இன்றும் அதட்டுகிறோம். எழுந்து போய் விளையாடச் சொல்வதே அவர்களின் எலும்புக்கு நல்லது.