பதின்மூன்று அணிகள், ஓர் ஆட்டக்காரர்: இஷ் ஸ்மித்தும் என்.பி.ஏ. ஒப்பந்த விதிகளும்

2022-23 பருவத்தில் டென்வர் நகெட்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோது, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றிலேயே மிக அதிக அணிகளுக்கு ஆடியவர் என்ற இடம் இஷ் ஸ்மித்துக்குக் கிடைத்தது. அது அவருடைய பதின்மூன்றாவது அணி. அதுவரை சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வரும் ஆளுக்குப் பன்னிரண்டு அணிகளோடு ஸ்மித்துடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் நிலைக்காதவர் என்று இத்தகைய ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஸ்மித் ஏறி இறங்கிய அணிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அதில் தெரிவது அவருடைய சுபாவமல்ல. ஐம்பது ஆண்டுகளில் என்.பி.ஏ.வின் ஒப்பந்த விதிகள் எப்படி மாறின என்பதன் தடம்தான் தெரிகிறது.

1970க்கு முன்பு ஸ்மித்தைப் போன்ற ஒருவர் உருவாகியிருக்கவே முடியாது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரர் மீதான உரிமை அணியிடமே இருந்தது. அணியாக விற்றால் போகலாம், விடுவித்தால் போகலாம். தானாக வேறு அணியைத் தேடிப் போக வழியில்லை. அந்த ஆண்டு ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் இந்த முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வுடன் என்.பி.ஏ. இணைவதைத் தடுப்பதே அந்த வழக்கின் உடனடி நோக்கம். இரண்டு லீக்குகள் இருந்தவரை ஆட்டக்காரருக்கு விலை பேசும் வலு இருந்தது; ஒன்றானால் அது போய்விடும். 1976இல் ஏற்பட்ட சமரசம் அணிகளின் பிடியைத் தளர்த்தியது, ஆனால் முழுமையாக அல்ல. வெளியேறும் ஆட்டக்காரருக்கு ஈடாகப் பழைய அணிக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. 1980களில் வேறோர் அணி தரும் தொகையைத் தானும் தந்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு இருந்தது.

இறுதி முடிச்சு 1988இல் அவிழ்ந்தது. சங்கத் தலைவர் ஜூனியர் பிரிட்ஜ்மன் பெயரில் நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்து, அனுபவம் மிக்க ஆட்டக்காரர்களுக்கு நிபந்தனையற்ற விடுதலை கிடைத்தது. அந்தக் கோடையில் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸ் சென்ற டாம் சேம்பர்ஸ் அதை முதலில் பயன்படுத்தியவர். அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் அதே சமரசத்தில் வந்தது. புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏழு சுற்றுகளிலிருந்து படிப்படியாகக் குறைந்து 1989 முதல் இரண்டே சுற்றுகளானது. எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஆட்டக்காரர் கூட்டம் பெருகியது. அவர்கள் எந்த அணியுடனும் ஒப்பந்தம் போடலாம். எந்த அணியும் அவர்களை எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம்.

இந்தக் கூட்டத்தின் முதல் தலைமுறையைப் புரிந்துகொள்ள கெவின் ஆலி பொருத்தமானவர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஆடிய, பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்தும் இந்தக் கார்டை 1995 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் சி.பி.ஏ. லீக்கில் கனெக்டிகட் பிரைட் அணியில் ஆடிவிட்டு, 1997இல் டல்லஸ் வழியாக என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தார். சி.பி.ஏ. அன்று அமெரிக்கக் கூடைப்பந்தின் பின்வாசல். அங்கிருந்து வருபவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பத்து நாள் ஒப்பந்தம்தான். ஜனவரி 5க்குப் பிறகே அது செல்லும். ஒரே அணியுடன் ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் போடலாம். இருபது நாளுக்குப் பின் பருவம் முடியும் வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அனுப்பிவிட வேண்டும். அந்த இருபது நாளில் பயிற்சிக்கென்று ஒதுங்கும் நேரம் சொற்பம். பாதி நாள் விமானத்திலும் விடுதியிலும் கழியும். புது அணியின் ஆட்ட அமைப்புகளை அதற்குள் மனப்பாடம் செய்து, கிடைக்கும் சில நிமிடங்களில் பிழையின்றி ஆட வேண்டும்.

ஆலி பதினொரு அணிகளுக்கு ஆடினார். அவருடைய சராசரி ஆட்டத்துக்கு நான்கு புள்ளிகளைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் பெரிய பரிமாற்றங்கள் இரண்டில் அவர் பெயர் உண்டு. 2002இல் ஜேலன் ரோஸ் சிகாகோவுக்குப் போனபோது, மறுபக்கம் ரான் ஆர்டெஸ்ட், பிராட் மில்லர் ஆகியோருடன் இந்தியானாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஆலியும் ஒருவர். அடுத்த ஆண்டு கேரி பேட்டனைக் கொடுத்து ரே ஆலனை சியாட்டில் வாங்கியபோதும் ஆலனுடன் மில்வாக்கியிலிருந்து போனார். சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் பரிமாற்றம் செய்யும்போது, கொடுக்கும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும் என்பது விதி. நட்சத்திரங்களின் சம்பளத்துக்கு இடையே விழும் இடைவெளியைச் சிறிய ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு நிரப்புவது வழக்கம். 1988இல் வென்ற விடுதலையின் மறுபக்கம் இதுதான். சேம்பர்ஸ் தான் விரும்பிய ஊருக்குப் போனார். ஆலி போன்றவர்களும் ஊர் மாறினார்கள், ஆனால் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இருந்தும் இவர்கள் நீடித்து ஆட முடிந்ததற்கு 1999 தொழிலாளர் ஒப்பந்தத்தில் வந்த ஒரு விதி காரணம். குறைந்தபட்சச் சம்பளம் அனுபவ ஆண்டுகளுக்கேற்ப உயர்வதால், பழையவரை விட்டுவிட்டு மலிவான புதியவரை எடுக்க அணிகளுக்குத் தூண்டுதல் இருந்தது. ஓராண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் சேரும் அனுபவசாலியின் கூடுதல் தொகையை லீக்கே ஏற்கும் என்று அந்த விதி சொன்னது. என் பார்வையில் இடம் மாறும் ஆட்டக்காரர்களுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு இதுவே. ராபர்ட்சன் வழக்கைப் போல இதுவும் நினைவுகூரப்பட வேண்டும். ஆலி 2009-10இல் ஒக்லஹோமா சிட்டியில் தன் கடைசிப் பருவத்தை ஆடியபோது அவருக்கு 37 வயது. அந்த இளம் அணியின் பண்பாட்டையே மாற்றியவர் அவர் என்று கெவின் டூராண்ட் பின்னாளில் சொன்னார். நான்கே ஆண்டுகளில், 2014இல், ஆலி தான் படித்த கனெக்டிகட் அணியைப் பயிற்சியாளராக இருந்து தேசியப் பட்டம் வெல்லச் செய்தார்.

ஆலி ஓய்வுபெற்ற அதே 2010இல்தான் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து இஷ் ஸ்மித் வந்தார். வட கரோலினாவின் ஷார்லட்காரர், ஆறடி உயரம். மின்னல் வேகம் அவர் பலம். மூன்று புள்ளி வீச்சு பலவீனம். அந்த வீச்சே ஆட்டத்தை ஆளத் தொடங்கிய பத்தாண்டுகளில் இது சாதாரணக் குறையல்ல. அவரையும் டிராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. ஹூஸ்டன் சேர்த்துக்கொண்டது, அந்தப் பருவத்திலேயே, 2011 பிப்ரவரியில், ஷேன் பேட்டியருடன் சேர்த்து மெம்ஃபிஸுக்கு அனுப்பியது. அங்கிருந்து கோல்டன் ஸ்டேட், பின் ஆர்லாண்டோ. 2013 பிப்ரவரியில் ஜே.ஜே. ரெடிக்குடன் மில்வாக்கிக்கு. அந்த ஆகஸ்டில் கேரன் பட்லருக்கு ஈடாக ஃபீனிக்ஸுக்கு. ஆலியைப் போலவே, பெரிய பெயர்களின் பக்கத்தில் இரண்டாம் பெயராக.

2014 ஜூலை முதல் 2015 டிசம்பர் வரையிலான ஒன்றரை ஆண்டை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபீனிக்ஸ் விடுவித்தது, ஹூஸ்டன் மீண்டும் எடுத்து, டிசம்பரில் விட்டது. ஒக்லஹோமா சிட்டி சேர்த்தது. 2015 பிப்ரவரியில் பரிமாற்றக் கெடு முடியும் நாளில் அந்த அணி அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்ப, அவர் அங்கே ஓர் ஆட்டமும் ஆடாமலே விடுவிக்கப்பட்டார். ஃபிலடெல்ஃபியா எடுத்துக்கொண்டது. அங்கே பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் நன்றாகவே ஆடினார். ஆனாலும் அணி புதிய ஒப்பந்தம் போடவில்லை. இலையுதிர் காலத்தில் வாஷிங்டன் பயிற்சி முகாம். முகாம் முடிவில் வெளியேற்றம். பிப்ரவரியில் ஆடவிடாமல் விடுவித்த நியூ ஆர்லியன்ஸே அப்போது அவரை எடுத்தது. அதன் கார்டுகள் காயமடைந்திருந்தார்கள். காயம் ஆறியவர்கள் திரும்பியதும், டிசம்பர் 24 அன்று, மறுபடி ஃபிலடெல்ஃபியா.

அந்த ஃபிலடெல்ஃபியா அணி அதுவரை 31 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றிருந்தது. பொது மேலாளர் சாம் ஹிங்கி, தோற்றுத் தோற்று உயர்ந்த டிராஃப்ட் இடங்களைச் சேர்ப்பது என்ற திட்டத்தை மூன்றாண்டுகளாக நடத்திவந்தார். நெர்லன்ஸ் நோயல், ஜலீல் ஓக்கஃபோர் என்று உயரமான இளைஞர்கள் இருந்தார்கள்; அவர்களுக்குப் பந்தைச் சரியான இடத்தில் சேர்க்க ஆளில்லை. சில மாதங்களுக்கு முன் பைசாச் செலவின்றி வைத்துக்கொண்டிருக்கக்கூடிய ஸ்மித்தைத் திரும்பப் பெற, அந்த அணி இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்தது. அவர் வந்த இரண்டாம் நாள் ஃபீனிக்ஸில் வெற்றி. மீதி 51 ஆட்டங்களில் ஒன்பது வெற்றிகள். மோசமான கணக்குதான், ஆனால் முப்பத்தொன்றில் ஒன்று என்ற அணிக்கு அது வேறு உலகம். அவருடைய ஐம்பது ஆட்டங்களின் சராசரி பதினான்கு புள்ளிகளுக்கு மேல், ஏழு அசிஸ்டுகள். டிராஃப்ட் உரிமைகளைச் சேமிப்பதே முன்னேற்றம் என்று நம்பிய நிர்வாகம், சேமித்ததில் இரண்டைக் கொடுத்து வாங்கியது ஒரு பாயிண்ட் கார்டின் அன்றாடத் திறமையை. ஸ்மித்தின் மதிப்புக்கு இதைவிட உறுதியான சான்று எனக்குத் தென்படவில்லை. 2016 ஏப்ரலில் ஹிங்கி பதவி விலகினார்.

ஏன் கார்டுகள் இப்படி அதிகம் கைமாறுகிறார்கள் என்பதற்கும் இங்கே விடை கிடைக்கிறது. ஆறடி உயரத்தில் திறமையாகப் பந்தாடுபவர்கள் ஏராளம். ஆகவே ஒருவரை விடுவது அணிக்குப் பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆனால் முதல் பாயிண்ட் கார்டு காயமடைந்த மறுநாள், ஐந்து பேரும் எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்து அணியை நடத்தக்கூடியவர் உடனே வேண்டும். அப்போது இருபது வயதுத் திறமைசாலியைவிட, நான்கைந்து பயிற்சியாளர்களின் ஆட்டமுறைகளைப் பயின்ற ஒருவரே உதவுவார். ஸ்மித் பல அணிகளில் ஆடியதே அவரை அடுத்த அணிக்குத் தகுதியாக்கியது.

2016இல் டெட்ராய்ட் அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 1.8 கோடி டாலர் கொடுத்தது. ரெஜி ஜாக்சன் முழங்கால் வலியால் ஒதுங்க, பருவத் தொடக்கத்தில் முதல் ஐவரில் ஒருவராக ஆடியதும் ஸ்மித்தே. பிறகு வாஷிங்டன், சொந்த ஊரான ஷார்லட், 2022 பிப்ரவரியில் பரிமாற்றத்தில் மீண்டும் வாஷிங்டன். அந்தக் கோடையில் கென்டேவியஸ் கால்டுவெல்-போப்புடன் டென்வர். இந்த முறையும் இரண்டாம் பெயர். நிக்கோலா யோக்கிச்சும் ஜமால் மர்ரியும் ஆண்ட அந்த அணியில் அவருக்குக் கிடைத்த நிமிடங்கள் குறைவு. 2023 ஜூனில் மயாமியை 4-1 என வென்று டென்வர் தன் முதல் என்.பி.ஏ. பட்டத்தைப் பெற்றபோது, 34 வயது ஸ்மித்துக்கும் அது முதல் பட்டம். அடுத்த பருவத்தை மறுபடி ஷார்லட்டில் ஆடினார்.

விதிகள் இதற்குள் மறுபடி மாறிவிட்டன. 2017இல் வந்த இருவழி ஒப்பந்தம், துணை லீக்கில் இருக்கும் இளைஞர்களைத் தேவைப்படும்போது மேலே அழைத்துக்கொள்ள அணிகளுக்கு வழி செய்தது. அணிக்கு இரண்டு பேராக இருந்த அந்த இடம் 2023இல் மூன்றானது. முன்பு ஜனவரியில் ஓர் ஆலியைத் தேடிய அணி இன்று தன் துணை அணியிலேயே ஆளை வைத்திருக்கிறது. 2023 ஒப்பந்தப்படி, சம்பளச் செலவுக்கு லீக் வரைந்த இரண்டாம் உச்சக்கோட்டைத் தாண்டும் அணிகள் பல ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு நட்சத்திரத்தை வாங்கவும் முடியாது. பேட்டியர், ரெடிக், கால்டுவெல்-போப் ஆகியோருடன் ஸ்மித் பயணம் செய்த அந்தப் பக்கத்து இருக்கை அத்தகைய அணிகளில் இனி அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. பதினான்காவது அணியை எட்டப்போகும் ஒருவர் வேறொரு வழியில்தான் வர வேண்டியிருக்கும்: ஆண்டுக்கொரு குறைந்தபட்ச ஒப்பந்தமாக, ஒவ்வொரு கோடையிலும் புதிதாகக் கையெழுத்திட்டு.