சிறுநீரக நோய் – இதய நோய் தொடர்பின் வரலாறு

சிறுநீரகம் பழுதடைந்தோருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது இன்று மருத்துவத்தில் ஏற்கப்பட்ட உண்மை. இவ்வுண்மை நிலைபெற ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின.

தொடக்கம்

இலண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவரான ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் சூடாக்கினார். அதில் அல்புமின் என்னும் புரதம் திரிந்தது. அவர்கள் இறந்தபின் செய்த உடற்கூறாய்வில் சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. 1836இல் இத்தகைய நூறு நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். அவர்களுள் பலருக்கு, இதய வால்வுகளில் குறை இல்லாதபோதும் இதயம் பருத்திருந்தது. கெட்டுப்போன இரத்தம் நுண்குழாய்களில் எளிதில் பாய்வதில்லை. அதனால் இதயம் கூடுதல் விசையுடன் இயங்க நேர்கிறது என்று அவர் கருதினார். நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி அன்று மருத்துவர்களிடம் இல்லை.

இரத்த அழுத்தம் என்னும் இணைப்பு

அதே மருத்துவமனையில் பயின்றவர் பிரடெரிக் அக்பர் மகமது. பாட்னாவிலிருந்து சென்று 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் திறந்த சேக் தீன் மகமதுவின் பேரன் இவர். நாடித்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை மேம்படுத்தி, சிறுநீரில் அல்புமின் இல்லாதவர்களிடமும் இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதைக் கண்டார். உயர் அழுத்தம் எப்போதும் சிறுநீரக நோயின் விளைவு அல்ல, அதற்கு முன்பே தோன்றலாம் என்பது இதன் பொருள். 1884இல் டைபாய்டு காய்ச்சலால் 35 வயதில் இவர் இறந்தார்.

1898இல் சுவீடனில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகியோர் சிறுநீரகத்திலிருந்து ரெனின் என்னும் பொருளைப் பிரித்தனர். அது இரத்த அழுத்தத்தை உயர்த்தியது. 1934இல் அமெரிக்கரான ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கினால் அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். ஆக, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் சுழற்சி தெளிவாயிற்று.

டயாலிசிசும் அதன் பின்னும்

1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் தொடங்கிய நீண்டகால டயாலிசிஸ், சிறுநீரகச் செயலிழப்பால் சாகவிருந்தவர்களை வாழவைத்தது. முதல் நோயாளி 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் மாரடைப்பால் இறந்தார். 1974இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில், இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரின் மரணத்துக்குத் தமனித் தடிப்பின் விளைவுகளே காரணமாயிருந்தன.

2004இல் கலிபோர்னியாவில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, டயாலிசிஸ் தேவைப்படாத நிலையிலேயே, வடிகட்டும் திறன் குறையக் குறைய இதய நோயும் இறப்பும் கூடுவதைக் காட்டியது. தொடக்கநிலைச் சிறுநீரக நோய் பெரும்பாலும் அறிகுறியின்றி வருவது. எனவே நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்குக் கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின் பரிசோதனைகள் இதயத்தைக் காக்கவும் செய்யப்படுகின்றன. பிரைட் கரண்டியில் தேடிய அதே அல்புமின்தான் இன்றும் எச்சரிக்கை தருகிறது.